டைட்டிலில் விடுபட்ட பெயர்கள்

1980இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அட்டாரி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். அந்த நிறுவனம் விற்ற ‘அட்வென்ச்சர்’ என்ற வீடியோ கேமை ஆடும்போது, கையேட்டில் சொல்லப்படாத ஓர் அறைக்குள் போய்விட்டதாகவும், அதன் நடுவே மேலிருந்து கீழாக நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துகள் தெரிந்ததாகவும் விவரித்திருந்தான். ‘உருவாக்கியவர் வாரன் ராபினெட்’ என்றன அந்த எழுத்துகள். அந்த வாரன் ராபினெட் அப்போது அட்டாரியில் இல்லை. முந்தைய ஆண்டே வேலையை விட்டுப் போயிருந்தார்.

அந்த அறையைத் தற்செயலாகக் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. கறுப்புக் கோட்டையின் புதிர்ப்பாதைக்குள், பாலத்தைத் தூக்கிப் போட்டால்தான் நுழையக்கூடிய ஒரு மூலை உண்டு. அங்கே ஒரே ஒரு புள்ளி கிடக்கும். அதன் சாம்பல் நிறமும் தரையின் நிறமும் ஒன்றுதான், கண்ணுக்குத் தட்டுப்படாது. அதை எடுத்துக்கொண்டு தங்கக் கோட்டைக்குக் கீழே உள்ள பாதையின் வலது ஓரத்துக்கு வரவேண்டும். கூடவே வேறு இரண்டு பொருள்களையும் அங்கே கொண்டுவந்து போட்டால் திரை படபடவென்று துடிக்கும். அந்த நேரத்தில் சுவர்க்கோட்டை ஊடுருவி அப்பால் போய்விடலாம். கேம் முழுவதும் 4 கிலோபைட்டுக்குள் அடக்கம். ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய அந்த இடத்தில், மேலதிகாரி உள்பட ஒருவருக்கும் சொல்லாமல், தன் கையெழுத்துக்கு ராபினெட் இடம் ஒதுக்கியிருந்தார்.

கடிதத்தைப் பார்த்த நிறுவனம் அந்த அறையை நீக்க யோசித்தது. சிப்பை மாற்றித் தயாரிக்கப் பத்தாயிரம் டாலர் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. அங்கே மேலாளராக இருந்த ஸ்டீவ் ரைட், அதை அப்படியே விட்டுவிடலாம், குழந்தைகள் ஈஸ்டர் முட்டையைத் தேடுவதுபோல் ஆடுபவர்கள் தேடி மகிழட்டும் என்றார். ‘ஈஸ்டர் எக்’ என்ற சொல் இந்தத் தொழிலுக்குள் வந்த கதை இதுதான். இன்று அது ஒரு விளையாட்டு வழக்கம். தொடக்கத்தில் அது ஒரு தொழிலாளி தன் உழைப்புக்குத் தானே போட்டுக்கொண்ட டைட்டில் கார்டு.

ஒளித்து வைக்கும் நிலை ஏன் வந்தது? அன்றைய அட்டாரியில் ஒரு கேமை யோசிப்பது, வரைவது, ஒலி சேர்ப்பது, புரோகிராம் எழுதுவது, பிழை திருத்துவது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளின் வேலை. ஒரு கேமுக்கு ஓர் ஆசிரியர் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் பெட்டியில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. எழுதியவர் யாரென்று வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. ஊருக்குத் தெரிந்த பெயர் உள்ளவன் அதிகச் சம்பளம் கேட்பான்; கொடுக்காவிட்டால் வேறு இடம் தேடுவான். பெயரை மறைத்தால் இரண்டுக்கும் வழியில்லை.

அட்டாரியின் முதலாளி யார் என்று பார்த்தால் இது இன்னும் உறுத்துகிறது. 1976இல் நோலன் புஷ்னெலிடமிருந்து அட்டாரியை 2.8 கோடி டாலருக்கு வாங்கியது வார்னர் கம்யூனிகேஷன்ஸ். சினிமாவும் இசைத்தட்டும் அந்த நிறுவனத்தின் பிழைப்பு. படத்தில் எழுத்தாளர் பெயரும், தட்டில் பாடகர் பெயரும் போட்டுத்தான் அவர்கள் சம்பாதித்தார்கள்.

சூப்பர்மேன் காமிக்ஸும் அவர்கள் வசமே இருந்தது. கிளீவ்லாண்டைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938இல் வெறும் 130 டாலருக்கு விற்ற பாத்திரம் அது. உரிமை கேட்டு 1947இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். அது சமரசத்தில் முடிந்த பிறகு காமிக்ஸிலிருந்து அவர்கள் பெயரே காணாமல் போனது. ஷூஸ்டருக்குப் பார்வை மங்கியது. சீகல் குமாஸ்தா வேலைக்குப் போனார். சூப்பர்மேன் படம் எடுக்கப்போகும் செய்தி வந்ததும் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். 1975 டிசம்பரில் வார்னர் இறங்கி வந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை, கூடவே ‘உருவாக்கியவர்கள்’ என்று பெயர். பெயரை மறைத்தால் என்ன ஆகும் என்ற பாடத்தை அந்த நிறுவனம் நேரில் கற்றது அப்போதுதான். மறு ஆண்டு வாங்கிய அட்டாரிக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை.

அட்டாரிக்குள் எந்த கேம் எவ்வளவு விற்றது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எது விற்கிறதோ அதைப்போல இன்னும் செய்யுங்கள் என்பது அதன் நோக்கம். டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற நால்வர் அதை வேறு விதமாகப் படித்தார்கள். கார்ட்ரிட்ஜ் விற்பனையில் பாதிக்கும் மேல் தாங்கள் எழுதியவற்றால் வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தது. நிர்வாகத் தலைவர் ரே கஸாரிடம் போய்ப் பெயரும் பங்கும் கேட்டார்கள். ஜவுளி நிறுவனத்திலிருந்து வந்தவர் கஸார். கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் அடுக்கும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் இல்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் கிரேன் பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

நால்வரும் வெளியேறினார்கள். இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து 1979 அக்டோபரில் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். கருவி ஒருவருடையது, அதில் ஓடும் கேம் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு கன்சோல் உலகில் அங்கே பிறந்தது. பாடகரை முன்னிறுத்தி இசைத்தட்டு விற்றதைப் போலவே லெவி கேமையும் விற்றார். வடிவமைத்தவரின் பெயர் அச்சாகியது. கையேட்டில் அவருடைய படமும், ஆட்டத்துக்கான யோசனைகளும் இடம்பெற்றன. 1980இல் அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் சமரசம் ஆனது. அதே ஆண்டு கிரேனின் ‘பிட்ஃபால்’ வெளிவந்து நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. ராபினெட்டும் சும்மா இருக்கவில்லை. ‘தி லேர்னிங் கம்பெனி’யை நிறுவியவர்களில் ஒருவராகி, குழந்தைகளுக்குத் தர்க்கம் கற்றுத்தரும் ‘ராக்கிஸ் பூட்ஸ்’ போன்றவற்றைத் தந்தார்.

பெயர் போடும் வழக்கம் அதன்பின் பரவியது. இன்று பெரிய கேம் ஒன்றின் முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடி முடியப் பல நிமிடங்கள் ஆகும். ஆனாலும், இந்த உரிமையை வெளியேறியவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு, வெளியேறுபவர்களையே இந்தத் தொழில் தண்டிக்கிறது.

2011இல் வந்த ‘எல்.ஏ. நுவார்’ கேமில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர் விடுபட்டதாகவோ தவறாக இடம்பெற்றதாகவோ அதை உருவாக்கிய சிட்னி நகர டீம் பாண்டியின் முன்னாள் ஊழியர்கள் முறையிட்டார்கள். 2018இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வந்தபோது, கேம் முடியும்வரை இருந்தவர்களுக்கே டைட்டிலில் இடம் என்பது தங்கள் நீண்டகால வழக்கம் என்று அதை உருவாக்கிய ராக்ஸ்டார் விளக்கியது. 2021இல் ‘மெட்ராய்டு டிரெட்’. மொத்தத் தயாரிப்புக் காலத்தில் 25 சதவீதமாவது வேலை செய்திருந்தால்தான் பெயர் என்றது அதை உருவாக்கிய ஸ்பெயினின் மெர்க்குரிஸ்டீம். நான்கு ஆண்டு ஓடும் தயாரிப்பில் பதினொரு மாதம் உழைத்தவர் இந்தக் கணக்கில் இல்லாதவர் ஆகிவிடுகிறார். அவர் வரைந்த உருவமோ திரையில் நடமாடிக்கொண்டே இருக்கிறது.

இதன் இழப்பு மனக்குறையோடு நிற்பதில்லை. அடுத்த வேலைக்குப் போகிறவர் காட்டக்கூடிய சான்று அந்தப் பட்டியல்தான். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால், என்ன செய்தேன் என்று விவரமாகச் சொல்லவும் முடியாது. வேலை நேரம் தாங்காமல் பாதியில் போக நினைப்பவரை, பெயர் போய்விடுமே என்ற பயம் பிடித்து வைக்கிறது.

சட்டம் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, ஊழியர் வேலைக்காகப் படைத்ததற்கு முதலாளியே ஆசிரியர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு மேலானது. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் படைத்தவர் தானே ஆசிரியர் என்று கோர இடம் தருகிறது. ஹாலிவுட்டில் சட்டம் செய்யாததைச் சங்கம் செய்தது. திரைக்கதையில் யார் பெயர் வரும் என்பதைத் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. தகராறு வந்தால் எழுத்தாளர் சங்கத்தின் நடுவர்கள் வரைவுகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பாதியில் விலகியவரின் பங்கும் அதில் எடைபோடப்படும்.

வீடியோ கேம் தொழிலுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம், விலகியவர்களின் பெயரையும் சேர்க்கச் சொல்லி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அது பரிந்துரைதான், யாரையும் கட்டுப்படுத்தாது. வேலைக்குச் சேரும் நாளிலேயே கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாக எழுதிவிடலாம். பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டுவதற்கு இன்று சிப்பை மாற்ற வேண்டியதில்லை. வெளிவந்த பிறகும் ஒரு சிறு அப்டேட்டில் சேர்க்கலாம். பத்தாயிரம் டாலர் கூடச் செலவில்லாத இந்த வேலையைச் செய்ய வைக்க, ஹாலிவுட் எழுத்தாளர்களுக்கு இருப்பதைப்போன்ற சங்கபலம் இந்த ஊழியர்களுக்கும் வேண்டும்.