வெடிகுண்டின் மேற்பூச்சு: நிறக்குறிகளும் அவற்றின் வாசகரும்

எந்த எழுத்தும் தனக்குரிய வாசகரை முன்கூட்டியே தேர்ந்துகொள்கிறது என்பது இலக்கிய ஆய்வாளர் அறிந்த உண்மையே. இலக்கியமல்லாத குறியீடுகளுக்கும் இது பொருந்தும். 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டிய பின்னர், அங்கிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்ற தேயிலைப் பெட்டிகளை நோக்குவோம். அவற்றின் உட்புறத்தில் ஈயத்தாளும் பிற்காலத்தில் அலுமினியத்தாளும் இடப்பட்டன. வெளிப்புறத்தில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் பொறிக்கப்பட்டன. உட்தாள் பண்டத்தைக் காத்தது. வெளியெழுத்து வாங்குவோரை விளித்தது. கொழுந்து பறித்தவளுக்கு அவ்விரண்டிலும் இடமிருக்கவில்லை. போர் விமானம் வீசும் குண்டும் ஆலையில் உருவாகி, களஞ்சியத்தில் அடுக்கப்பட்டு, கப்பலேறிச் செல்லும் பண்டமே. அதன் பூச்சையும் நிறத்தையும் இதே நோக்கில் ஆராய்தல் தகும்.

முதலில் உட்பூச்சு. 1888இல் பிரித்தானியா ஏற்றுக்கொண்ட ‘லிடைட்’ பிக்ரிக் அமிலத்தாலான வெடிமருந்து. அவ்வமிலம் உலோகங்களுடன், சிறப்பாக ஈயத்துடன் சேருமிடத்து, சிறிய அதிர்ச்சிக்கும் வெடிக்கக்கூடிய உப்புகள் தோன்றும். ஆதலின் பீரங்கிக் குண்டுகளின் உட்புறத்துக்கு வார்னிஷ் பூசப்பட்டது. ஈயங்கலந்த பூச்சுகள் விலக்கப்பட்டன. தேயிலையைக் காத்த ஈயம் இங்கே பகையாயிற்று. லிடைட் குண்டுகளின் வெளிப்புறத்துக்கு மஞ்சள் தீட்டினர். உலோகத்துடன் எளிதில் வினைபுரியாத ரி.என்.ரி. பரவிய பின்னரும் மஞ்சள் வெடிமருந்துக்குரிய நிறமாக நீடித்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின் தொடக்கத்தில் அமெரிக்க விமானக் குண்டுகள் முழுவதும் மஞ்சளாக இருந்தன. திறந்தவெளியில் அடுக்கிய மஞ்சட் குண்டுகள் வானிலிருந்து எளிதிற் புலப்படும். யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அதே 1942இல், அமெரிக்கா உடலுக்கு ஒலிவ் பச்சையும் அடையாளத்துக்கு மஞ்சள் வளையமும் என மாற்றிக்கொண்டது. பிரித்தானியக் குண்டுகளும் வெளிர்மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்கு மாறின. மூக்கை அடுத்த சிவப்பு வளையம் குண்டு நிரப்பப்பட்டுள்ளதை உணர்த்தியது. இளம்பச்சை வளையம் உள்ளிருக்கும் மருந்தைச் சுட்டியது. நேட்டோ முறையில் மஞ்சள் உயர் வெடிமருந்தையும் நீலம் பயிற்சிக் குண்டையும் குறிக்கும். களஞ்சியத் தொழிலாளியும் படை ஊழியனுமே இம்மொழியின் வாசகர்கள்.

1967 யூலை 29இல் தொங்கின் வளைகுடாவில் ‘ஃபொறஸ்டல்’ என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் தற்செயலாகப் பாய்ந்த றொக்கட் ஒன்று விமானத்தின் எரிபொருள் தாங்கியைத் துளைத்தது. தீயில் அகப்பட்ட பழைய குண்டுகள் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் வெடிக்கத் தொடங்கின. 134 பேர் மாண்டனர். 1969 சனவரியில் ‘என்ரர்பிறைஸ்’ கப்பலில் இத்தகைய விபத்து 28 உயிர்களைக் கொண்டது. இவற்றின் பின்னர் கடற்படைக் குண்டுகளுக்கு வெப்பத்தடுப்புப் பூச்சு வந்தது. தீப்பட்டதும் அது கருகி, வெப்பம் உட்செல்வதைத் தாமதப்படுத்தும். தீயணைப்போருக்குச் சில நிமிடங்கள் கிட்டும். விமானப்படைக் குண்டின் வழவழப்பான மேனியில் ஒரு மஞ்சள் வளையமும், கடற்படைக் குண்டின் சொரசொரப்பான மேனியில் இரண்டும் காணப்படுவது இதனாலேயே. மாலுமிகளும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. அவர்களது உயிர்காப்பு இகழத்தக்கதன்று. ஆயின், அதே குண்டு சென்று விழவிருந்த வியட்நாமிய விவசாயிக்கு அந்தச் சில நிமிடங்கள் இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முரண்பாடு 2001இல் ஆப்கானிஸ்தானில் வெளிப்படையாயிற்று. அங்கு வீசப்பட்ட கொத்துக் குண்டுகளின் சிறுகுண்டுகள் மஞ்சள் நிறமானவை; விமானங்கள் போட்ட உணவுப் பொதிகளும் மஞ்சள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாமென அமெரிக்கா வானொலியில் உள்ளூர் மொழிகளில் எச்சரிக்க நேர்ந்தது. பின்னர் பொதியின் நிறத்தை நீலமாக்க முடிவுசெய்தது. சிறுகுண்டின் மஞ்சள் விதிப்படி சரியானதே. ஆனால் அவ்விதியை வகுத்தோர், நிலத்தில் நிற்பவரையும் ஒரு வாசகராக எண்ணியிருக்கவில்லை.

மலையகத்துக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர், 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களிற் குடியேறினர். 2009 வரை நீடித்த யுத்தத்தில் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளான வன்னி மக்களுள் அவர்களும் அடங்குவர். வெடிக்காது மண்ணிற் புதைந்த குண்டின் பூச்சு காலப்போக்கில் உதிர்ந்துவிடும். வளையமும் எழுத்தும் அழிந்த துருவேறிய இரும்பையே உழுபவரும் விறகு பொறுக்குபவரும் எதிர்கொள்கின்றனர். இலங்கை 2018இல் கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கையில் இணைந்தது, அமெரிக்கா இணையவில்லை.

மனிதருக்கிடையிலான உறவு பொருள்களின் இயல்பாகத் தோற்றம் கொள்வதை மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் விளக்கினார். குண்டின் பூச்சிலும் அவ்வாறே. யாருடைய உயிர் கணக்கிலெடுக்கப்படுகிறது என்ற தீர்மானம், வெறும் தொழில்நுட்ப விதியாக அதில் உறைந்து கிடக்கிறது. அத்தீர்மானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் வாய்மொழிச் சாட்சியங்களை, தோட்டத்திலிருந்து வன்னி வரை சென்று தொகுத்தல் தமிழ் ஆய்வுத்துறையின் கடனாகும்.