டிவிஎஸ் வீட்டுப் பெண்ணின் இரண்டாவது கல்யாணம்

டிவிஎஸ் என்றால் பஸ், லாரி, மொபெட் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அந்த வீட்டில் ஒரு கல்யாணத்துக்காக நடந்த போராட்டம் பலருக்குத் தெரியாது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் உருவான கதையும் அதில்தான் இருக்கிறது.

டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். அந்தக்கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர், மனைவி படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ப்ளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் அவரும் அதே நோயில் இறந்துவிட்டார்.

அப்போதெல்லாம் ஒரு அய்யங்கார் வீட்டு விதவைக்கு மிச்ச வாழ்க்கை என்பது வீட்டின் பின்கட்டுதான். சௌந்தரம் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். அங்கே சுசீலா நய்யார் மூலம் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. அந்த வட்டத்தில்தான் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். அவர் நெய்யாற்றின்கரையில் பிறந்த மலையாளி, பிராமணர் அல்லாதவர், சாந்திநிகேதனில் படித்தவர்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தபோது சௌந்தரத்தின் வீட்டில் கடும் எதிர்ப்பு. வேறு மொழி, வேறு சாதி. எல்லாவற்றுக்கும் மேல், விதவைக்கு மறுமணம்! விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டம் வந்தது 1856-ல். 80 வருடத்துக்கு மேல் ஆகியும் அது பெரும்பாலான வீடுகளின் வாசற்படியைத் தாண்டவில்லை.

விஷயம் காந்தியிடம் போனது. ஒரு வருடம் இருவரும் பிரிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார் அவர். இது அவருக்குப் புதிதல்ல. தன் மகன் தேவதாஸும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் விரும்பியபோதும், இரண்டு அப்பாக்களும் சேர்ந்து 5 வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் கல்யாணம் 1933-ல் நடந்தது.

சௌந்தரமும் ராமச்சந்திரனும் காத்திருந்தார்கள். மனம் மாறவில்லை. 1940 நவம்பர் 7-ம் தேதி காந்தி, கஸ்தூரிபா ஆசியுடன் கல்யாணம் நடந்தது. அப்போது இருவருக்கும் வயது 36. படித்த டாக்டர், 36 வயதுப் பெண், அவரே பொறுமையை நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். இந்து முறைப்படி நடந்த கலப்புத் திருமணங்கள் சாதியைக் காரணம் காட்டி செல்லாது என்று யாரும் சொல்ல முடியாதபடி சட்டம் வந்ததே 1949-ல்தான்.

1947-ல் சின்னாளபட்டி அருகே இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இரண்டு படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியசாலை கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1956-ல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1962-ல் சௌந்தரம் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார்.

பெற்றோர் எதிர்ப்பது அக்கறையால்தான் என்று எப்போதும் சொல்லப்படுகிறது. இருக்கலாம். ஆனால் அன்று சௌந்தரம் பயந்து பின்வாங்கியிருந்தால், திண்டுக்கல் மக்கள் எதையெல்லாம் இழந்திருப்பார்கள்? கலப்புத் திருமணம் என்றாலே குடும்ப மானம் போச்சு என்று கத்துபவர்கள் ஒருமுறை காந்திகிராமம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.