ஒரு தோட்டாவும் இரு துப்பாக்கிகளும்

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒருமுறை மாணவர்களை உதகைக்கு அழைத்துச் சென்றேன். மலை ரயில் குன்னூரைக் கடந்து அருவங்காட்டில் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூரில் கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்தைச் செய்வதற்கென்றே தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் குறுக்கிட்டான்: "புது மருந்து வந்துவிட்டது, சரி ஸார்! அதற்கு முன்னே ஜனங்கள் வாங்கி வைத்திருந்த பழைய துப்பாக்கிகளை என்ன செய்தார்கள்?" எனக்கு விடை தெரியவில்லை. நல்ல வேளை, வண்டி புறப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் நூல்களைப் புரட்டியபோது, அமெரிக்க நாட்டில் வழங்கிய ஒரு தோட்டாவின் கதையே அவன் கேள்விக்கு முழு விடையாக அமைந்திருக்கக் கண்டேன்.

அத்தோட்டாவை வின்செஸ்டர் நிறுவனத்தார் 1873 ஆம் ஆண்டில் தமது புதிய ரைபிளுக்காக வெளியிட்டனர். போட்டி நிறுவனத்தார் வின்செஸ்டர் என்னும் பெயரைத் தங்கள் பெட்டிகளில் அச்சிட மனமின்றி, 44-40 என்று அழைக்கலாயினர். அப்பெயரே நிலைத்துவிட்டது. முதல் எண் குழலின் விட்டத்தை அங்குலத்தில் நூற்றில் இத்தனை பங்கு என்று ஏறத்தாழக் குறிப்பது. இரண்டாவது எண் உள்ளே இட்ட கருமருந்தின் நிறை, அதாவது 40 கிரெயின். நம் அளவில் அது இரண்டரைக் கிராமுக்குச் சற்றே அதிகம். முனையில் இருந்த ஈயக்குண்டு 200 கிரெயின், சுமார் 13 கிராம்.

அதற்கு முந்திய 1860, 1866 ஆம் ஆண்டுத் துப்பாக்கிகளின் தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பினுள்ளேயே அடைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை சுட்டால் கூடு குப்பைக்குத்தான். 1873 ஆம் ஆண்டுத் தோட்டாவிலோ அடிப்பகுதியின் நடுவில் தனியாக ஒரு சிறு கேப்பு பொருத்தப்பட்டது. சுட்டபின் அதைக் கழற்றிப் புதியது ஒன்றைப் பொருத்தி, மருந்து இட்டு, ஈயத்தை உருக்கி வார்த்த குண்டைச் செருகினால் கூடு மீண்டும் தோட்டாவாகிவிடும். இதற்கான கைக்கருவியை அந்நிறுவனத்தாரே விற்றனர். கடைவீதி நெடுந்தொலைவில் இருந்த மேற்கத்திய எல்லைப்புறத்தில், வெறுங்கூட்டைப் பொறுக்கி வைப்பது சிக்கனமுள்ள இல்லத்தாள் விறகுக்கரியைச் சேர்த்து வைப்பது போன்றதே.

1870-களின் பிற்பகுதியில் கோல்ட் நிறுவனத்தார் தமது ஆறு தோட்டாச் சுழல்துப்பாக்கியையும் இதே தோட்டாவுக்கேற்பச் செய்து விற்றனர். ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா. இடுப்பில் ஒரே வார்.

இங்கேதான் மருந்தைத் தெரிந்தெடுக்கும் பிரச்னை பிறக்கிறது. ரைபிளின் குழல் 24 அங்குலம். ரிவால்வரின் குழல் பெரும்பாலும் ஏழரை அங்குலம். நீண்ட குழலில் சற்று மெதுவாக எரியும் மருந்தும் குண்டைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போகும். குறுங்குழலில் அதற்கு நேரமில்லை. எரிவதற்குள் குண்டு வெளியேறிவிடும். ஆயினும் வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து இவ்விரண்டுக்கும் பொதுவாக உழைத்தது. அதில் ஒரு பெரிய நன்மையும் இருந்தது. கூட்டை நிரப்பினாலே சரியான அளவு. அதற்குமேல் இட இடமில்லை. எழுத்தறியாதவனும் கண்ணால் பார்த்துத் தவறின்றி நிரப்பலாம். குறை என்னவெனில், எரிந்த மருந்தில் பாதிக்குமேல் வாயுவாகாமல் புகையாகவும் கசடாகவும் எஞ்சியது.

1884 ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டார். 1890-களில் அது 44-40 தோட்டாவுக்குள்ளும் புகுந்தது. அதன் வலிமை கருமருந்தைவிடப் பன்மடங்கு. ஆகவே கூட்டின் சிறு பகுதியே நிரம்பும்; மிகுந்த இடம் வெறுமையாக நிற்கும். கவனக்குறைவால் இரண்டாம் முறை மருந்தை இட்டுவிட்டாலும் கூடு அதை ஏற்றுக்கொள்ளும்! கண்ணை நம்பியவன் இனித் தராசை நம்ப வேண்டியதாயிற்று. குழப்பத்தை வளர்த்தவர்கள் உற்பத்தியாளர்களும்தாம். கருமருந்தின் கொள்ளளவுக்கே இடத்தக்க பருமனான புகையில்லா மருந்தும் விற்றது. மிகக் குறைவாகவே இட வேண்டிய அடர்ந்த மருந்தும் விற்றது. ஒன்றற்கு வைத்த அளவுக்கரண்டியால் மற்றொன்றை அள்ளியவர் துப்பாக்கியை இழந்தனர். சிலர் விரல்களையும் இழந்தனர். இதை அவர்களுடைய அறியாமை என்று மட்டும் நான் தள்ளமாட்டேன். ஒரே பெயரால் இரு வேறு பொருள்களை விற்றவனுக்கும் அதில் பங்குண்டு.

இதனினும் பெரிய சிக்கல் பின்னர் வந்தது. 1873 ஆம் ஆண்டு ரைபிளின் பூட்டு, மனிதனின் முழங்கால் போல மடங்கி நிமிரும் இணைப்பு. கருமருந்தின் மெல்லிய உதைக்கு அது போதும். ஜான் பிரவுனிங் வகுத்த 1892 ஆம் ஆண்டு ரைபிளிலோ இரண்டு உறுதியான எஃகுத் தாழ்கள் இருந்தன. அதன் வலிமையைப் பயன்படுத்த 1903 ஆம் ஆண்டில் வின்செஸ்டர் அதிவேகத் தோட்டாவை வெளியிட்டது. கூடு அதே கூடு. நீளம் அதே நீளம். பழைய ரைபிளிலும் ரிவால்வரிலும் அது தங்குதடையின்றிப் புகும். பெட்டியின்மேல், இது 1892 மாதிரிக்கே உரியது என்ற எச்சரிக்கை இருந்தது. ஆனால் தோட்டாக்கள் பெட்டியிலேயே குடியிருப்பதில்லையே! வாரில் செருகியபின், அடியில் பொறித்த சிற்றெழுத்துகளைத் தவிர வேறு காவல் இல்லை.

கோல்ட் நிறுவனத்தார் 1900 ஆம் ஆண்டை ஒட்டியே தமது பழைய மாதிரி ரிவால்வருக்குப் புகையில்லா மருந்தைப் பொறுத்து உறுதி அளித்தனர். அதற்கு முன் செய்தவற்றில், அதிலும் தொடக்கக் காலத்து மென்மையான இரும்பால் ஆனவற்றில், கருமருந்தன்றி வேறு இடுதல் தகாது என்பதே அறிந்தோர் கொண்ட வழி. சிறுவன் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. அப்பழந்துப்பாக்கிகள் புதுமருந்தைத் தொடாமல் பழைய உணவிலேயே காலம் கழித்தன. தொட்டவற்றுள் பல பிளந்தன.

1980-களில் பழங்காலத் துப்பாக்கிகளால் குறி பார்க்கும் விளையாட்டு அமெரிக்காவில் தழைத்தது. 44-40 தோட்டாவுக்கும் மறுவாழ்வு வந்தது. கையால் மருந்து நிரப்புவோர் மீண்டும் பெருகினர். அவர்கள் பொருட்டு 2000-களில் புதிய புகையில்லா மருந்து ஒன்று செய்யப்பட்டது. நம் வீட்டு உளுந்து வடையைக் கடுகளவாகச் சுருக்கினாற்போல, நடுவில் துளையுள்ள வளைய வடிவத் துணுக்குகள் அவை. துளையினால் பருமன் மிகும். கூட்டின் வெற்றிடம் நிறையும். இரண்டாம் முறை இட்டால் விளிம்பு கடந்து வழிந்து, இட்டவன் கண்ணில் பட்டுவிடும்.