கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்: பொதுக் குடிநீரின் வேதிப் பரிசோதனை

ஊராட்சியும் நகராட்சியும் குழாய், கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி வழியே கொடுக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கரைந்த உப்புகள், கன உலோகங்கள் போன்றவை எவ்வளவு கலந்திருக்கின்றன என்று அளந்து பார்ப்பது பொதுக் குடிநீரின் வேதிப் பரிசோதனை. கிருமிப் பரிசோதனை இதிலிருந்து வேறானது. கிருமி இருந்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே வயிற்றுப்போக்கில் தெரிந்துவிடும். வேதிப்பொருளோ பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பல்லிலும் மூட்டிலும் தெரியவரும். அதனாலேயே இந்தப் பரிசோதனையை யாரும் அவசரமாகக் கேட்பதில்லை.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஒன்று, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலையின் ஊற்றும் ஓடையும். மற்றொன்று, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சமவெளியின் ஆழ்துளைக் கிணறு. மலையில் மழைநீர் பாறையோடு உறவாடும் காலம் குறைவு. ஓடையாக இறங்கிவிடுவதால் அதில் கரைந்த உப்பு குறைவாகவே இருக்கும். அங்கே முதல் கவலை மழைக்காலக் கலங்கலும் கிருமியும்தான். கோமுகியும் மணிமுக்தாவும் அந்த மலையில் பிறந்து வெள்ளாற்றுப் படுகையை நோக்கி இறங்குகின்றன. சமவெளியில் தண்ணீர் கடினப் பாறையின் வெடிப்புகளுக்குள் நெடுங்காலம் தங்கிப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. போர் ஆழமாகப் போகப் போக, பெரும்பாலும் இன்னும் பழைய தண்ணீரே மேலே வருகிறது.

நாக்கும் அடுப்பும் சொல்வது

தண்ணீரைத் தரம் பிரிக்க வீட்டில் பழைய அளவுகோல்கள் உண்டு. வாயில் ஊற்றினால் உப்புக் கரிக்கிறதா, பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, குடத்தின் அடியில் காவி படிகிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பெண்கள் பெயர் வைத்தார்கள். இவை வெறும் நம்பிக்கைகள் அல்ல. பருப்பு வேகாவிட்டால் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. காவி படிந்தால் இரும்பு. ஆய்வகம் எண்ணாகச் சொல்வதை அடுப்பு முன்பே சொல்லிவிடுகிறது.

ஆனால் ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் குடிநீரில் காணப்படும் அளவுகளில் நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அது மட்டுமல்ல. தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து, கரையாத கால்சியம் ஃபுளோரைடாக மாற்றிவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்மையான தண்ணீரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாறையில் உள்ள ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து வரும். அதாவது பருப்பு நன்றாக வேகிற, சோப்பு நன்றாக நுரைக்கிற போர் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. வீட்டின் அளவுகோல் 'நல்லது' என்று தேர்ந்தெடுத்த கிணறே குழந்தைகளின் பல்லைக் கறையாக்கலாம். வேதிப் பரிசோதனை ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. நாக்கு கண்டுபிடிக்க முடியாத வேதிப்பொருள் என்றால் என்ன என்பதை இந்த ஊர் அந்த நாட்களில் பெரும் விலை கொடுத்து அறிந்தது. குடிநீரின் ஃபுளோரைடு அப்படிச் சட்டென்று கொல்வதில்லை. எலும்பில் சேர்ந்து சேர்ந்து முதுகையும் முழங்காலையும் இறுக்குகிறது.

சென்னை மாகாணத்திலிருந்து

தண்ணீரின் ஃபுளோரைடு எலும்பை முடக்கும் என்பதை இந்திய மருத்துவம் முதலில் கண்டது சென்னை மாகாணத்தில்தான். கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த எச். ஈ. ஷார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1937-இல் அன்றைய மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதி (இன்று ஆந்திரம்) மக்களிடையே கண்ட நோயை விவரித்தார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இதனால் நெடுங்காலம் துன்பப்பட்டன. அங்கே ஒவ்வொரு கிணற்றையும் சுத்திகரிப்பதற்குப் பதிலாகக் காவிரித் தண்ணீரையே கொண்டுவந்தார்கள். 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது.

அளவுகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம் 2012-இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு லிட்டரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம், அதில் தளர்வே கிடையாது. கரைந்த உப்புகளுக்கு 500, தவிர்க்க முடியாவிட்டால் 2,000. காரீயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் 0.01 மில்லிகிராம், அதாவது நூறு லிட்டரில் ஒரு மில்லிகிராம். நைட்ரேட்டில் தளர்வு இல்லாததற்குக் காரணம் கைக்குழந்தைகள். பால்பவுடரை நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாய்ந்துவிடலாம். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகிற பூமியில் யூரியாவும், வீட்டையொட்டிய கழிவறைக் குழியும், மாட்டுத் தொழுவமும் கிணற்றுக்குள் நைட்ரேட்டை இறக்கிவிடக் கூடியவை.

மாதிரி எடுப்பது

பரிசோதனை தவறுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, கேனில். கைப்பம்பில் முதலில் வரும் தண்ணீர் குழாயில் தேங்கியிருந்தது. சில நிமிடம் அடித்துவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக் கூடும் என்பதால் அதற்குப் பிளாஸ்டிக் கேன். இரும்பும் காரீயமும் பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு பாட்டிலில் பிடித்து நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்ளதைவிடக் குறைவாக எண் வரும். பூச்சிக்கொல்லிக்குக் கண்ணாடிப் பாட்டில். நைட்ரேட் மாதிரி வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை மாற்றிவிடும். வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கும் பயணத்துக்குப் பனிக்கட்டிப் பெட்டி இல்லையென்றால் அந்த எண்ணை நம்புவதற்கில்லை. எந்தக் கிணறு, எந்தத் தொட்டி, எந்தத் தேதி, கடைசி மழை எப்போது என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். தொட்டியில் மட்டும் எடுத்தால் போதாது. இரண்டு போர்களின் தண்ணீர் ஒரே தொட்டியில் கலக்கும்போது எது கெட்டது என்று தொட்டி சொல்லாது.

ஆய்வகமும் களப் பெட்டியும்

1971-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாநில, மாவட்ட அளவில் நீர் ஆய்வகங்களை நடத்துகிறது. கடினத்தன்மையைக் காண, சாயம் கலந்து ஒயின் சிவப்பாகிய தண்ணீரில் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீலமாகும் கணத்தில் நிறுத்திக் கணக்கிடுவார்கள். குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட். மஞ்சள் செங்கல் நிறமாகும். ஃபுளோரைடுக்கான முறை அழகானது: சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்து சிவப்பாக இருக்கும் கரைசலில் மாதிரியை ஊற்றினால், ஃபுளோரைடு சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சிவப்பு வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதே அளவு. படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீராக இருந்தால், அதிலிருக்கும் அலுமினியம் ஃபுளோரைடை மறைத்து எண்ணைக் குறைத்துக் காட்டும்; அப்போது ஃபுளோரைடுக்கான மின்முனையால் அளப்பதே சரி. கன உலோகங்களுக்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற பெரிய கருவிகள் வேண்டும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் இந்த வேலையில் ஒரு பகுதியைக் கிராமத்துக்கே கொண்டுவந்தது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும், ஒவ்வொரு நீராதாரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை வேதிப் பரிசோதனையும் இருமுறை கிருமிப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். பெட்டியில் ஒரு சிறு குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டை விட்டு, வந்த நிறத்தை அட்டையின் நிறத்தோடு ஒப்பிடுவார்கள். இது தோராயம்தான், 1.4-க்கும் 1.6-க்கும் வேறுபாடு சொல்லாது. காலாவதியான மருந்து எல்லாக் கிணற்றையும் ஒரே நிறத்தில் காட்டும். ஆனால் சந்தேகப்பட வேண்டிய கிணறு எது என்று அன்றைக்கே சொல்லிவிடும். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய பத்தில் ஒன்றைத் தேர்ந்துகொடுக்கும். எந்தத் தண்ணீர் எந்தக் கோடையில் கரிக்கத் தொடங்கியது என்று குடம் சுமந்தே அறிந்தவர்கள் கையில் பெட்டி இருப்பது சரியான இடம்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை என்பதை எந்த மாதத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் நீர்மட்டம் இறங்கி உப்பும் ஃபுளோரைடும் செறிவடையும். ஐப்பசி கார்த்திகை மழையில் அது நீர்த்துப்போகலாம், ஆனால் வயலிலிருந்து நைட்ரேட் கீழே இறங்கலாம். மழைக்குப் பின் எடுத்த ஒரு நல்ல எண்ணை வைத்துக் கோடைத் தண்ணீருக்குச் சான்று தருவது தவறு.

எண் வந்த பிறகு

முதலில் சொல்ல வேண்டியது: காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. சுண்டக் காய்ச்சினால் அவை இன்னும் செறியும். ஃபுளோரைடு மிகுந்த போரைக் குளிக்கவும் துவைக்கவும் விட்டுவிட்டு, குடிப்பதற்கு வேறு கிணற்றையோ ஆற்றுத் தண்ணீரையோ தருவதே மலிவான வழி. நல்ல தண்ணீரோடு கலந்து அளவைக் குறைப்பது அடுத்தது. நாகபுரியின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் சேர்த்துக் கலக்கித் தெளியவைப்பார்கள். அடியில் படியும் சேற்றை ஓடையில் கொட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டையும் பெருமளவு குறைக்கும். ஆனால் உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கு, வடிகட்டிய உப்பையெல்லாம் சுமந்துகொண்டு தனிக் குழாயில் வெளியேறும். அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதையும் சோதிக்கிறவர் போய்ப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது போருக்குப் பக்கத்து மண்ணிலேயே விடப்படுகிறது.