சிவப்பு மையில் எழுதிய இரவுகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த ஒவ்வொருவரிடமும் ஒரு பறப்புக் குறிப்பேடு இருந்தது. பறந்த நாள், விமானத்தின் எண், விமானியின் பெயர், சென்ற இடம், வானில் கழிந்த நேரம் ஆகியவையே அதில் எழுதப்பட்டன. இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். எஸ்ஸென், ஹாம்பர்க், பெர்லின் என ஊர்ப் பெயரும் மணிக் கணக்கும் இருக்கும். பறந்தவனின் அச்சம் இராது, கீழே எரிந்த தெருவும் இராது. வீடு திரும்பாத இளைஞனின் ஏட்டில் கடைசி வரி அவன் கையெழுத்தில் அமைவதில்லை. அவன் திரும்பவில்லை என்பதை அலுவலகத்தில் வேறொருவர் எழுதி முடித்திருப்பார். அந்த ஏட்டைப் பெற்ற குடும்பங்கள் மூன்று தலைமுறைகளாக அதைப் புரட்டிப் பார்த்து வருகின்றன.

அப்படையணியில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். அவர்களுள் 55,573 பேர் மாண்டனர். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, ஜமைக்கா எனப் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்களிடையே இருந்தனர். ஹாலிஃபாக்ஸ் விமானத்தை முதன்முதலில் பெற்ற 35-ஆம் படைப்பிரிவு, இங்கிருந்து சென்ற போர் நிதியின் காரணமாக ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கியிருந்தது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். முப்பது தாக்குதல் பறப்புகளை முடித்தவனுக்கு ஓய்வு உண்டு என்பது விதி. முப்பதை எட்டாமலே முடிந்தவர்களின் கணக்குத்தான் மிகுதி.

லங்காஸ்டர் விமானத்தில் எழுவர் செல்வர். இந்த எழுவரைச் சேர்த்த முறை வியப்பளிப்பது. பயிற்சி முடித்தவர்களை ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டு, ‘நீங்களே உங்களுக்குள் குழு அமைத்துக்கொள்ளுங்கள்’ என்று அதிகாரிகள் ஒதுங்கிவிடுவார்கள். ஒருவன் முகம் ஒருவனுக்குப் பிடித்திருக்கும். ஒரே ஊர்ப் பேச்சு இருவரை இணைக்கும். அந்த அரைநாள் நட்பே பின்னர் உயிரைப் பிணைத்தது. குடும்பங்கள் பாதுகாத்து வரும் புகைப்படங்களில், விமானத்தின் கீழே தோள்மீது கை போட்டு நிற்பவர்கள் அவர்களே. வீட்டாருக்குத் தம் பிள்ளையின் பெயர் தெரியும். மற்ற அறுவரின் பெயர்களைத் தேடிக் கண்டறிவது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் வேலையாயிற்று.

முதலில் தந்தி வரும். ‘காணவில்லை’ என்ற சொல்லில் தொங்கிக்கொண்டு தாய்மார்கள் பல மாதங்கள் காத்திருந்தனர். அதன் பின்னரே இறந்ததாகக் கொள்ளும் அறிவிப்பு வரும். இதற்கிடையில் முகாமில் வேறொரு பணி நடந்துவிடும். திரும்பாதவனின் பெட்டியைத் திறந்து, உடைமைகளைப் பிரித்து வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே அதிகாரிகள் இருந்தனர். பெற்றோரையோ மனைவியையோ புண்படுத்தக்கூடிய கடிதமோ படமோ இருந்தால் அவர்கள் எடுத்துவிடுவார்கள். இரக்கத்தால் செய்த செயல்தான். ஆயினும் அந்தக் கையின் வழியாகவே குடும்பத்தின் நினைவு தொடங்கியது. வீட்டை அடைந்த பிள்ளை, ஒருவர் திருத்தி அனுப்பிய பிள்ளை.

உயிரோடு திரும்பியவர்களோ வேறு வகையில் திருத்திக்கொண்டார்கள்: பேசவில்லை. பிள்ளைகள் கேட்டால் வேடிக்கையான ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். பறக்க இயலாமல் மனம் உடைந்தவர்களின் நிலை இன்னும் கொடிது. ‘மன உறுதி அற்றவர்’ என்று பதிவு செய்து அவர்களை நீக்கினார்கள். இருபது பறப்புகளைக் கண்ட பின் கை நடுங்கியவனுக்கும் அதே பட்டம் கிடைக்கக்கூடும். அவ்வீடுகளில் ஏட்டையே மறைத்து வைக்க வேண்டியதாயிற்று.

இந்த மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைத் தவிர்த்து எழுதுவது நேர்மையாகாது. 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகரில் எழுந்த தீப்புயலில் மாண்டவர்களும் அவ்வாரத் தாக்குதல்களில் இறந்த பிறரும் சேர்ந்து 30,000-க்கும் மேற்பட்டோர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் ஏறத்தாழ 25,000 பேர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர். அங்கேயும் படம் பார்த்துத் தாத்தாவைத் தேடும் பேரப்பிள்ளைகள் உண்டு. ஒரே இரவை இரு குடும்பங்கள் இரு முனைகளிலிருந்து நினைக்கின்றன. பறந்தவனின் வீட்டார், அவன் இழப்பை அழுவதா, அவன் செயலை எண்ணித் தயங்குவதா என்று அறியாமல் நின்றனர். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக்கூடாது என்று யாரும் விதிக்கவில்லை. ஆனால் நெடுங்காலம் அப்படித்தான் நம்பப்பட்டது.

அரசும் அவர்களுக்கு உதவவில்லை. போர் முடிந்ததும் சர்ச்சில் ஆற்றிய நன்றியுரையில் இப்படையணிக்கு உரிய இடம் தரப்படவில்லை என்ற மனக்குறை பரவலாக இருந்தது. தனிப் போர்ப் பதக்கமும் இல்லை. பதக்கத்தில் அணியும் சிறு பட்டை ஒன்று 2013-இல்தான் வழங்கப்பட்டது. பெற வேண்டியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டனர். 2012 ஜூன் 28 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் அரசி இரண்டாம் எலிசபெத் திறந்து வைத்த நினைவகத்தில், பறப்பிலிருந்து திரும்பிய கோலத்தில் எழுவரின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அந்த இரு துயரங்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

அக்கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1944 மே மாதத்தில் பெல்ஜியத்தில் வீழ்த்தப்பட்ட ஒரு ஹாலிஃபாக்ஸ், சதுப்பு நிலத்தில் புதைந்து போயிற்று. அதில் சென்ற எண்மரில் ஐவரின் உடல்கள் அப்போதே கிடைத்தன; மூவர் சேற்றுக்குள்ளேயே இருந்தனர். 1997-இல் அதைத் தோண்டி எடுத்தபோது அம்மூவரும் கிடைத்தனர். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த உறவினர் கூடியிருக்க, கெரார்ட்ஸ்பெர்கன் கல்லறையில் தோழர்களருகே அவர்களை அடக்கம் செய்தார்கள். அந்த விமானத்தின் அலுமினியத்தில் ஒரு பகுதியே கிரீன் பார்க் நினைவகத்தின் கூரையில் சேர்க்கப்பட்டது.