பொன் தேவதையின் நதி

பிலிப்பைன்ஸ் தீவுக் கூட்டத்தின் தெற்கே, மிண்டனாவோ என்ற பெரிய தீவில் அகுசான் என்று ஒரு நதி ஓடுகிறது. தெற்கு மலைகளில் பிறந்து, ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வடக்கு நோக்கியே ஓடி, பூத்துவான் நகரத்துக்கு அருகில் கடலில் விழுகிறது. கிழக்கே ஓடும் காவிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் திசை கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். இந்த நதியின் பெயரால் இரண்டு மாகாணங்கள் இருக்கின்றன. முன்பு ஒன்றாக இருந்ததை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் வடக்கு, தெற்கு என்று பிரித்தது. தென் அகுசானில்தான் சதுப்பு நிலம் இருக்கிறது. மனோபோ என்ற ஆதிக்குடி மக்களும் அங்கே வாழ்கிறார்கள்.

பூத்துவானிலிருந்து தாவோ நகரத்துக்கு நல்ல சாலை இருக்கிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் மாகாணத்தைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் அப்படிப் போகிறவன் மரவாடிகளையும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களையும் பார்ப்பானே தவிர, இந்த நாட்டின் சரித்திரத்தைப் பார்க்க மாட்டான். அது நதியோரமாக இருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து நீரோட்டத்தை எதிர்த்துப் போவதுதான் சரியான வழி.

பூத்துவானை இன்று பார்க்கிறவர்கள் அது ஒரு காலத்தில் ராஜதானியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவும், மீன் வாசனையும், மதிய வெயிலில் தூங்கி வழியும் கடைகளும்தான் கண்ணில் படும். 1970-களில் பொன் கிடைக்கும் என்ற ஆசையில் அங்குள்ள சேற்றைத் தோண்டியவர்கள், பொன்னோடு பழைய மரப் படகுகள் புதைந்திருப்பதையும் கண்டார்கள். 1976-இல் முறையான அகழ்வு தொடங்கியது. ஆணியே இல்லாமல், பலகையோடு பலகையை மரமுளையால் இணைத்துக் கட்டிய கடலோடும் படகுகள் அவை. பலாங்காய் என்று பெயர். முதலில் ஒரு படகு 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார்கள். பிற்காலச் சோதனைகள் அவற்றை 8 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள் கொண்டு வந்திருக்கின்றன. வயது குறைந்ததில் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் இன்றும் ஊராட்சிப் பிரிவுக்கு ‘பாராங்காய்’ என்றே பெயர். படகின் பெயரே ஊருக்கு ஆகிவந்தது. ஒரு படகில் வந்து இறங்கியவர்கள் ஓர் ஊர்!

சீன தேசத்துச் சோங் வம்சக் குறிப்புகளில் பூத்துவான் இடம்பெறுகிறது. 1001-இல் அங்கிருந்து தூதர்கள் காணிக்கையோடு போனார்கள். 1007-இல், சம்பா நாட்டுத் தூதருக்குக் கொடுக்கும் மரியாதையை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். சம்பாவுக்குக் கீழ்ப்பட்டது பூத்துவான் என்று சொல்லிச் சக்கரவர்த்தி மறுத்துவிட்டார். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1011-இல் பொன் தகட்டில் விண்ணப்பம் பொறித்து, கற்பூரமும் கிராம்பும் சேர்த்து அனுப்பினார்கள். அனுப்பிய அரசனின் பெயர் சீன எழுத்தில் சிதைந்து கிடக்கிறது. ஆனாலும் அது ‘ஸ்ரீ’ என்று தொடங்குவதாகவே ஆராய்ச்சிக்காரர்கள் படிக்கிறார்கள். இதற்கு நாலு வருஷம் கழித்து, 1015-இல், நம் ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக் குழு முத்துக்களோடு அதே அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. தஞ்சையும் பூத்துவானும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது. ஒரே சந்தைக்குப் போன இரண்டு வியாபாரிகள் என்று வேண்டுமானால் சொல்லிக் கொள்ளலாம்.

1521-இல் மகெல்லனோடு வந்த பிகபெட்டா என்ற இத்தாலியர் பூத்துவான் ராஜாவைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். ராஜா என்றே எழுதியிருக்கிறார். அது அந்த மக்களே வழங்கிய சொல். பட்டுத் தலைப்பாகை, பொன் பிடி போட்ட கட்டாரி, ஒவ்வொரு பல்லிலும் மூன்று பொன் புள்ளிகள். அந்த ராஜாவின் நாட்டில் மண்ணைச் சலித்தால் கோழி முட்டை அளவுக்குக்கூடப் பொன் கட்டி கிடைக்கும் என்றும் எழுதினார். இந்த ஒரு வரி எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்ததோ!

நதியில் மேலே போனால் எஸ்பெரான்சா வருகிறது. நம்பிக்கை என்று பொருள். இன்னும் மேலே லா பாஸ், அதாவது சமாதானம். மாகாணத்தின் தலைநகரத்துக்குப் பெயர் பிராஸ்பெரிடாட், செழிப்பு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரியோஸ் முதலிய ஜேசு சபைப் பாதிரிமார்கள் இந்த நதியோரத்தில் ஊர் ஊராக உண்டாக்கினார்கள். காட்டில் சிதறிக் கிடந்த மனோபோக்களை அழைத்து வந்து, கோயில் கட்டி, வரிசையாக வீடு போட்டுக் குடியமர்த்தினார்கள். பாதிரியார் அடுத்த ஊருக்குப் படகேறியதும், இவர்களில் பலர் பேசாமல் காட்டுக்குத் திரும்பி விடுவார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வீடு மட்டும் காலியாக இருக்கும். என்னுடைய கதைகளில் வரும் சில மருமகள்களுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

எஸ்பெரான்சாவுக்கு அருகில் வாவா என்ற கிளை நதி ஒன்று உண்டு. 1917-இல் புயலும் வெள்ளமும் வந்து கரையை அரித்துக் கொண்டு போயின. அப்போது மனோபோப் பெண் ஒருத்தியின் கண்ணில் பொன் விக்கிரகம் ஒன்று பட்டது. ஏழு அங்குல உயரம். நாலு ராத்தலுக்குச் சற்றே குறைவான எடை. இருபத்தொரு காரட் பொன். மகுடமும், தோள்வளையும், மாலைகளும் அணிந்து, காலை மடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் தெய்வம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நமக்கு நன்றாகத் தெரிந்த கதைதான். கிராமத்துப் பெண்ணின் கையில் பொன் எத்தனை நாள் தங்கும்? விக்கிரகம் அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரிடம் போயிற்று. அவர் பட்டிருந்த கடனுக்காகத் தென்னந்தோட்டக் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறிற்று. மணிலாவில் பேராசிரியராக இருந்த பேயர், இதைத் தேசத்துக்காக வாங்கி வைக்க வேண்டும் என்று மன்றாடினார். பணம் இல்லை என்றார்கள். யாராவது உருக்கிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. கடைசியில் 1922-இல் சிகாகோ நகரத்துப் பீல்டு பொருட்காட்சிசாலை நாலாயிரம் பெஸோவுக்கு வாங்கிக் கொண்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. திருப்பிக் கொடுங்கள் என்ற குரல் பிலிப்பைன்ஸில் அவ்வப்போது எழுகிறது. சிகாகோக்காரர்கள் வாங்கியிராவிட்டால் அது யாரோ ஒருவருடைய சங்கிலியாகவும் மோதிரமாகவும் போயிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் காப்பாற்றியவன் என்றைக்கும் தானே வைத்துக்கொள்ளலாம் என்று நம் ஊர்ப் பஞ்சாயத்தில் எந்தப் பெரியவரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

இந்தத் தேவி யார் என்பதில் பண்டிதர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சைவ தேவி என்றார் ஒருவர். பௌத்தர்களின் தாரை என்றார் மற்றொருவர். தியான மண்டலத்தில் பூஜை செய்யும் பரிவார தேவியரில் ஒருத்தி என்பது பிந்திய கருத்து. இவற்றுக்கு நடுவே டச்சுப் பண்டிதர் போஷ் 1920-இல் சொன்னது என் மனத்தைப் பிடித்துக்கொண்டது. ஜாவாவில் நஞ்சுக் என்ற இடத்தில் கிடைத்த வெண்கலப் படிமங்களைப் பார்த்து மிண்டனாவோக் கைவினைஞன் ஒருவன் செய்ததுதான் இது. மூலத்தில் கைகளில் இருக்கும் அடையாளப் பொருள்களைச் செய்ய மறந்துவிட்டான் என்றார் அவர்.

மறந்தானாமே! நாலு ராத்தல் பொன்னை ஒரு தட்டானிடம் கொடுத்தவர்கள் அவனை மறக்க விட்டிருப்பார்களா? தோள்வளையின் பூவேலைவரை கவனமாகச் செய்தவன் கையில் இருக்க வேண்டியதை மட்டும் ஏன் விட்டான்? வஜ்ரமும் மணியும் அவனுக்கு அர்த்தமில்லாத பொருள்களாக இருந்திருக்கலாம். தன் நாட்டுத் தெய்வத்துக்கு அவை வேண்டியதில்லை என்று அவனே நினைத்திருக்கலாம். அகல பாரதம், நம் கலாசாரக் கொடி என்றெல்லாம் மேடையில் முழங்குகிறவர்கள் அந்த வெறும் கைகளைக் கொஞ்சம் நேரம் பார்க்க வேண்டும். வந்தது நம்மிடமிருந்து வந்ததாகவே இருக்கட்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானித்தவன் அகுசான்காரன்.

சொல்லிலும் இப்படித்தான். மனோபோக்கள் தங்களைக் காக்கும் தெய்வங்களை ‘திவாத்தா’ என்கிறார்கள். நம் தேவதைதான். நதிக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் மலைத்தொடருக்கும் திவாத்தா என்றே பெயர். ஆனால் அந்தத் திவாத்தாக்களுக்குக் கோயில் இல்லை, கோபுரம் இல்லை, வடமொழி மந்திரம் இல்லை. காட்டிலும் நீரிலும் இருக்கிறார்கள். ‘பைலான்’ என்ற பூசாரி, பெரும்பாலும் பெண், அவர்களை அழைத்துப் பேசுகிறாள். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களோடு பல வருஷம் வாழ்ந்த கார்வன் என்ற அமெரிக்கர் இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

சதுப்பு நிலத்துக்கு வந்துவிட்டோம். மலைகள் விலகி நிற்க, நடுவே நதி தன் எல்லையை மறந்து பரவிக் கிடக்கிறது. ஏரிகளும் ஓடைகளும், வேர் நனைந்த காடுகளும். 1996-இல் இதை வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 1999-இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். இங்கே சவ்வுப் பனை அடர்ந்து வளர்கிறது. அடிமரத்தை வெட்டி, சோற்றைச் சிதைத்து, நீரில் அலசித் தெளிய வைத்தால் மாவு கிடைக்கும். நம் பாட்டிமார் ஜவ்வரிசி என்று சொன்னார்களே, ஜாவா அரிசி, அதற்கு மூலம் இந்த மாவுதான். சேலத்து மரவள்ளிக் கிழங்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது பிற்பாடு.

ஏரிகளில் மனோபோக் குடும்பங்கள் மிதக்கும் வீடுகளில் இருக்கின்றன. பெரிய மரக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துத் தளமாக்கி, அதன்மேல் வீடு. கோழி, நாய், பூந்தொட்டி எல்லாம் மிதக்கின்றன, பள்ளிக்கூடம்கூட மிதக்கிறது. வருஷக் கடைசியில் மழை கொட்டி, நீர் பல அடி உயரும்போது வீடும் கூடவே உயர்கிறது. வெள்ளத்தில் ஊர் போயிற்று என்று நாம் எழுதுகிற மாதத்தில் இவர்கள் கொஞ்சம் உயரத்திலிருந்து மீன் பிடிக்கிறார்கள்.

ஏரிக்குள் நுழையுமுன் அந்நியர்களுக்காகச் சேவல் அறுத்து அனுமதி கேட்பது இவர்கள் வழக்கம். முதலையும் அந்த நீரின் காவலில் ஒரு பங்காளி. 2011-இல் புனாவானில் 6.17 மீட்டர் நீளமுள்ள முதலையைப் பிடித்து, லோலோங் என்று பெயரிட்டு, வேலிக்குள் வைத்தார்கள். பிடித்து வைக்கப்பட்ட முதலைகளில் உலகத்திலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் வந்தது. கூட்டம் வந்தது, டிக்கெட் விற்றது. 2013 பிப்ரவரியில் அது இறந்துபோயிற்று. மனோபோக்கள் கோழியும் பன்றியும் பலியிட்டு அதற்குச் சடங்கு செய்தார்கள். உடல் மணிலாப் பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று. ஆனால், மனிதரை அடித்த முதலையும் அந்த நீரில் உண்டு. 2009-இல் ஒரு சிறுமி இறந்திருக்கிறாள். ஆகவே இதை வெறும் காட்டு மக்களின் கனிவு என்று அழகுபடுத்தி எழுத எனக்கு மனமில்லை. பயத்தோடு கூடவே குடியிருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்குத் தெரியாத பயம் ஒன்று மலைமேலிருந்து வந்தது. 1983-இல் தெற்கே திவாத்தா மலையில், ஆம், அதே பெயருள்ள மலையில், பொன் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறினார்கள். ஏறுகிறவனுக்கு நாக்குத் தள்ளும் என்பதால் அந்த இடத்துக்குத் திவால்வால் என்று பட்டப்பெயர். பொன்னைப் பிரிக்கப் பாதரசம் ஊற்றினார்கள். அந்தக் கழிவு நாபோக் ஆற்றில் இறங்கிற்று. நாபோக் அகுசானில் கலக்கிறது. அகுசான் சதுப்பு நிலத்துக்கு வருகிறது. ஆதிக்குடிகளின் பூர்வீக நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1997-இல் பிலிப்பைன்ஸ் சட்டம் செய்தது. நிலத்துக்கு எல்லைக் கல் நடலாம். நீரோடு வருவதற்கு எங்கே கல் நடுவது?

மிதக்கும் வீடுகளை அவர்கள் பங்கால் என்ற மரத்தில் கட்டி வைக்கிறார்கள். நம் கடம்ப மரத்துக்கு நெருங்கிய உறவு அது. பூவும் அதே மாதிரி உருண்டைதான். எத்தனை மாதம் வேர் மூழ்கிக் கிடந்தாலும் சாவதில்லை. மழை மாதம் வந்தால், நீர் ஏற ஏற, மரத்தில் கட்டிய பிரம்புக் கயிற்றை அவிழ்த்து இன்னும் கொஞ்சம் மேலே கட்டுகிறார்கள்.