நால்வர் ஆடிய சதுரங்கம்

சதுரங்கம் என்றவுடன், இருவர் எதிரெதிரே அமர்ந்து, முறைக்கு ஒரு காயாக மாறி மாறி நகர்த்தும் ஆட்டமே நம் நினைவுக்கு வருகிறது. நால்வர் கூடிக் கவறு உருட்டி, ஒரே முறையில் இருமுறை காய் நகர்த்திய சதுரங்கமும் நம் நாட்டில் இருந்தது. அதனை அச்சேற்றி உலகறியச் செய்த நகரம் கல்கத்தா.

அந்நகரின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய வில்லியம் ஜோன்ஸ், 1784இல் ஆசியச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் ஆய்வுத் தொகுதியில் 1790இல் வெளிவந்த கட்டுரையில், ராதாகாந்தர் என்னும் பண்டிதர் வாயிலாகத் தாம் அறிந்த இவ்வாட்டத்தை விவரித்தார். வங்கத்து அறிஞர் ரகுநந்தனர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய திதிதத்துவத்திலும் இது காணப்படுகிறது. அங்கே வியாசர் இதனை யுதிஷ்டிரருக்கு எடுத்துரைக்கிறார்.

அறுபத்து நான்கு கட்டப் பலகையின் நாற்புறமும் நான்கு படைகள் நிற்கும். கிழக்கே சிவப்பு, தெற்கே பச்சை, மேற்கே மஞ்சள், வடக்கே கறுப்பு. ஒவ்வொன்றிலும் அரசன், யானை, குதிரை, ஓடம் ஆகியவை பின்வரிசையிலும், காலாட்கள் நால்வர் முன்வரிசையிலும் நிற்பர். எதிர்ப்புறத்தார் இருவரும் நட்பாளர். கவற்றில் ஐந்து விழுந்தால் அரசனோ காலாளோ நகரலாம்; நான்கு யானைக்கு, மூன்று குதிரைக்கு, இரண்டு ஓடத்துக்கு.

1030ஆம் ஆண்டளவில் இவ்வாட்டத்தைக் குறித்த அல்பிரூனி, இரண்டு கவறுகள் உருட்டப்பட்டதாகக் கூறுகிறார். ஆகவே ஒரு முறைக்கு இரு நகர்வுகள் என அறிஞர் பொருள் கொள்வர். ஒரே காயை இருமுறை நகர்த்தவும் இடமுண்டு என்று கொண்டால், இரு கவற்றிலும் மூன்று விழும்போது, குதிரை பாய்ந்து பகைவன் காயை வெட்டி, அவன் பதிலிறுக்குமுன் திரும்பிவிடக் கூடும். காவல் என்பதற்கே அங்கு வேறு பொருள் அன்றோ?

ஜோன்ஸ் இவ்வாட்டத்தை இருவர் ஆட்டத்துக்குப் பிற்பட்டதெனவே கருதினார். ஹிராம் காக்ஸ் என்பார் இதுவே மூலம் என்றார். டங்கன் ஃபோர்ப்ஸ் 1860இல் அக்கொள்கையை விரித்து, கிறிஸ்துவுக்கு மூவாயிரம் ஆண்டுகள் முற்பட்டதென வாதித்தார். முதலில் கவறு ஆண்டது, பின்னர் அறிவு அதனை விலக்கியது என்னும் கதை கவர்ச்சியுடையதே. ஆயினும் சான்றுகள் துணைநிற்கவில்லை. 1874இல் வான் டெர் லிண்டேயும் 1913இல் மரேயும் அதனை மறுத்தனர். ஏழாம் நூற்றாண்டிலேயே பாணரின் ஹர்ஷ சரிதம் சதுரங்கத்தைச் சுட்டுகிறது; நால்வர் ஆட்டத்துக்குத் தெளிவான சான்று அல்பிரூனி காலத்தில்தான் கிடைக்கிறது.

பழமையை மிகைப்படுத்துவதால் நமக்குப் பெருமை கூடுவதில்லை. கவறு மறைந்த பின்னும் ஓடம் மறையவில்லை. நாம் யானை என வழங்கும் மூலைக்காயை வங்கத்தார் இன்றும் ‘நௌகா’ என்றே அழைக்கின்றனர். வரலாற்றுக்கு அச்சொல்லே நற்சான்று.